அம்மா குடித்த வெங்காய சூப்

எட்டு வயதுவரை நான் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்கே வெளிக்கிட்டாலும் அம்மாவின் பையில் ஒரு பெட்டி புட்டு இருக்கும். பஸ் நிற்கும் இடத்தில் நின்றோ பூங்காவின் மர வாங்கில் உட்கார்ந்தோ சாப்பிட்டு முடித்துவிடுவோம். உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வந்து படம் பிடிக்கும் பழைய மொன்ட்ரியாலை, மெட்ரோவில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே நாங்கள் பார்க்கவில்லை. லண்டனிலிருந்து பெரியப்பா வந்தபோதுதான் எங்கள் ஊருக்கே நாங்கள் உல்லாசப் பயணம் போனோம்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். வழக்கமாக இரண்டு பெரிய பெட்டிகளோடு வருபவர் அந்த முறை ஒரு சின்னப் பையோடு, முன்னறிவித்தல் இல்லாமல் வந்தார். சொக்லேட்கூட இல்லை. அதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டேன். வந்த மறுநாளே எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்.

“எனக்கு அங்கை என்ன இருக்கப்போகுது? நான் புட்டைக் கட்டிக்கொண்டு வாறன்” என்றார் அம்மா.

“ஒண்டும் கட்ட வேண்டாம். இண்டைக்கு நீர் இருந்து சாப்பிடும்” என்றார் பெரியப்பா.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமற் போயிருந்தார். முகாமிலும் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. தம்பியின் குரலைக் கேட்கும்வரை மச்சம் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார் அம்மா. ஒரு வருடத்துக்கு மேலாக மீனில்லை, இறைச்சியில்லை. முட்டை போட்டது என்று எங்கள் பிறந்தநாள் கேக்கைக்கூட வாயில் வைக்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். எனக்கு மாமா, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு படம் மட்டும்தான். அந்தப் படத்துக்காக அம்மா ஏன் பசி கிடக்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கல் பாவிய தெருவில் மெழுகுதிரி ஏற்றிய ஒரு கடை. “அசல் ஐரோப்பா” என்றார், ஐரோப்பாவிலிருந்து வந்த பெரியப்பா. என் தம்பிக்கு அப்போது மூன்று வயது. உயரக் கதிரையில் இருக்கமாட்டேன் என்று கத்தினான். கரண்டியால் மேசையில் மத்தளம் கொட்டினான். உப்பைத் தட்டிக் கொட்டினான். பக்கத்து மேசை அம்மையார் எங்களைப் பார்த்த பார்வையில் அப்பாவின் காது சிவந்தது.

மெனு முழுக்கப் பிரெஞ்சு. அப்பாவின் பிரெஞ்சு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். பெரியப்பாவின் லண்டன் ஆங்கிலத்துக்கு வெயிட்டர் பிரெஞ்சிலேயே பதில் சொன்னான். ஆகவே வழக்கம்போல நான்தான் வீட்டின் வாய். டொக்டரிடம் நான், வீட்டுச் சொந்தக்காரனிடம் நான், இங்கேயும் நான். வாத்து, முயல், மட்டி என்று இறங்கிக்கொண்டே போனதில், அம்மாவுக்கு ஏற்றதாகத் தெரிந்தது வெங்காய சூப் ஒன்றுதான்.

வெயிட்டரிடம் கேட்டேன். அவன் நல்லவன். குனிந்து எனக்கு விளங்கும்படி சொன்னான்: இறைச்சித் துண்டு இல்லை, ஆனால் மாட்டெலும்பை நாள் முழுக்க அவித்த சாற்றில்தான் அதைச் செய்கிறோம்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தான். தண்ணீர்க் கிளாஸ் விழுந்து உடைந்தது. முழுக் கடையும் திரும்பிப் பார்த்தது. அம்மா தன் சால்வையால் நிலத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

“என்னவாம்? கெதியாச் சொல்லு, பிள்ளை” என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஏதாவது ஒண்டு அவ சாப்பிடவேணும்” என்றார் பெரியப்பா.

நிலத்தில் குந்தியிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “வெங்காயமும் பாணும் சீஸும்தான், அம்மா” என்றேன். சொன்ன மூன்றும் உண்மை. சொல்லாமல் விட்டது எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா குடித்தார். முதல் கரண்டியில் நாக்குச் சுட்டுச் சிரித்தார். “என்ன ருசியடி!” என்றார். கிண்ணத்தின் விளிம்பில் கருகி ஒட்டியிருந்த சீஸையும் சுரண்டிச் சாப்பிட்டார். சூப்பில் தோய்க்க இன்னும் ஒரு துண்டுப் பாண் கேட்டார். அம்மா அப்படி ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவோ காலம். அப்பாவும் பெரியப்பாவும் தங்கள் தட்டுகளைத் தொடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆறுதலாச் சாப்பிடும். வயிறு நிறையச் சாப்பிடும்” என்றார் பெரியப்பா. இருவரும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அம்மா குழறி அழுத குரலில்தான் கண் விழித்தேன். மாமாவைத் தன் கையாலேயே புதைத்த ஒருவர் லண்டனுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். போனில் சொல்லக்கூடிய சேதியில்லை என்று பெரியப்பா நேரில் வந்திருக்கிறார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அம்மா மாட்டுச் சாறு குடித்தார், நேர்த்தி முறிந்தது, மாமா செத்துப்போனார். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். “பிள்ளைக்கு மாமாவிலை எவ்வளவு பாசம்” என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அந்தச் சூப்புக்கு ஒரு வருடம் முன்னமே மாமா மண்ணுக்குள் போய்விட்டார் என்பது பதினைந்தாவது வயதில்தான் எனக்கு விளங்கியது. கூடவே மற்றதும் விளங்கியது. சாவுச் சேதியைப் பசித்த வயிற்றுக்குச் சொல்லக்கூடாது, முதலில் சாப்பிட வைக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கேட்டால் பிறகு பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாள் என்று பெரியப்பாவும் அப்பாவும் கூடிப் பேசி, அந்த விருந்தை வைத்திருக்கிறார்கள். பொய்யை நான் ஒருத்திதான் வைத்துக்கொண்டு இருந்தேன் என்று நினைத்த மேசையில், அம்மாவைத் தவிர்ந்த பெரியவர்கள் எல்லாருமே வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அம்மா சாவைக்கூடத் தாங்கினார். விருந்தைத் தாங்கவில்லை. “என்ரை தம்பி செத்துக்கிடக்க என்னைச் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட வைச்சவை” என்று இன்றைக்கும் அப்பாவைப் பார்த்துச் சொல்வார். அப்பா எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். பெரியப்பா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அம்மா இன்னும் மச்சம் தொடுவதில்லை. கேட்கவேண்டிய குரல் இனி வரப்போவதில்லை என்பதால், அந்த நேர்த்திக்கு முடிவுமில்லை.

போன கோடையில் என் இரண்டு பிள்ளைகளோடு அம்மாவையும் பழைய மொன்ட்ரியாலுக்குக் கூட்டிப் போனேன். சின்னவன் கரண்டியால் மேசையில் அடித்தான். மெனுவை அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே பார்த்துச் சொல்லு. உன்னிலைதான் எனக்கு நம்பிக்கை. அண்டைக்கு அந்த மேசையிலை எனக்குப் பொய் சொல்லாதது நீயும் உன்ரை தம்பியும் மட்டும்தான்.”

வெயிட்டர் காத்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்குச் சலாட் கொண்டுவரச் சொன்னேன். எட்டு வயதில் எனக்கிருந்த பயமெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான். தெரியாமலே போய்விட்டால் எப்படியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.