மூணு முன்னால வந்தா

சோளக்காடு, 17.8.2002, சனிக்கிழமை.

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் நான், அருள்பிரகாஷ். எனக்கு இடப்பக்கம் பாயில் சென்றாயன். மடியில் அவருடைய மேளம். கதவோரம் ஸ்டூலில் அவர் மனைவி கண்ணாயி. நான்காவதாக ஆள் இல்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். நடந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கிற தாளத்தை இசைக் குறியீடாகக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி, அதற்கு ஒரு குச்சி. சேர்ந்து வரும் அடிகளின் குச்சிகளை மேலே ஒரு தடித்த கோடு இணைக்கும். அதற்குப் பெயர் பீம். எது எதோடு சேரும் என்று கண்ணுக்குக் காட்டத்தான் அது. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

போன வாரம் சென்றாயன் ஏழு அடித் தாளம் ஒன்று அடித்துக் காட்டினார். அதை எழுதி, இன்று காலை முதல் பஸ்ஸில் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி சபரீஷ் மாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன். அவரிடம் மேளம் படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். நாளைக் காலை ஒத்திகை.

மதியம் 3:35. வெளியே மூடுபனி. அதே தாளைத் திரையில் சென்றாயனுக்குக் காட்டினேன்.

"என்னங்க இது, தலை தலையாக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க?"

"கையெழுத்துப் போடத் தெரியாத ஆளு, பேச்சப் பாரு," என்றார் கண்ணாயி.

"எழுதத் தெரியாட்டி என்ன புள்ள, எண்ணத் தெரியுமில்ல?"

சென்றாயன் திரையில் விரல் வைத்து எண்ணினார். அவர் சிரிப்பு நின்றது.

"முன்னால மூணு கட்டியிருக்கு. அப்புறம் நாலு."

"மிசினே அப்படிப் பிரிச்சுக்குமுங்க."

"நாலுதான் முன்னால வரணும் சாமி. மூணு முன்னால வந்தா அது வேற மேளம். அதை நாங்க தொடறதில்ல."

"ஏழு ஏழுதானுங்களே. கோடு மட்டுந்தான் வேற. சத்தம் மாறாது. காட்டட்டுங்களா?"

படித்தவன் திமிர். வேறென்ன சொல்ல?

புதுப் பக்கம் திறந்தேன். ஏழே ஏழு அடி. அதே மூன்று, நான்கு. மதியம்தான் மாட்டிய ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

3:42. ஒலிக்கவிடும் பொத்தானைத் தட்டினேன்.

டக்டக்டக்டக்டக்டக்டக். ஏழும் ஒரே சீர்.

"பாத்தீங்களா..."

சொல்லி முடிக்கவில்லை. சென்றாயனின் வலது கை மேலே போனது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்த மாதிரி. அவர் முகத்தில் வலி இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

கை தரையில் அறைந்தது.

டக்.

விரல் ஒடிந்த சத்தம் தனியாகக் கேட்டது.

டக்.

டக்.

பிறகு ஓர் இடைவெளி... நான் எழுதாத இடைவெளி.

"கோட்ட மாத்துங்க!" கண்ணாயி அலறினார்.

மாற்றினேன். நான்கு, மூன்று. என் கண் முன்னால் கோடு நகர்ந்தது... மூன்று, நான்கு.

சென்றாயன் குப்புற விழுந்தார்.

டக். சட்டை கிழிந்தது.

டக். சுவரில் ரத்தம் தெறித்தது.

கண்ணாயி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். திரை இருண்டது.

டக்.

ஸ்பீக்கரிலிருந்துதான்.

டக்.

அமைதி.

3:43.

4:30. ஆஸ்பத்திரி. நர்ஸ் அவர் விரல்கள் மூன்றுக்குக் கட்டுப் போட்டார். முதுகில் நான்கு பிளவுகள். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம்.

கண்ணாயி அந்தப் பிளவுகளை எண்ணிவிட்டுச் சொன்னார்.

"இவரு தாத்தன் காலத்துல, ஒரே ஒருக்கா அடிச்ச மேளமுங்க. திருடன்னு ஒருத்தனப் புடிச்சாங்க. கையில மூணு, முதுகுல நாலு. மேளம் நிக்கிற வரைக்கும் அடி நிக்கக் கூடாதுன்னு பேச்சு. தாத்தன் பயந்துட்டு நிறுத்தவே இல்ல. நிறுத்தினப்ப, அவன் செத்து ரொம்ப நேரமாயிருந்துச்சாம்."

"அப்புறம்?"

"அப்புறம் எப்பவாச்சும் அந்த மேளம் கேட்டா, மேளம் வெச்சிருக்கிற கைய அவன் தேடுவானாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதுப் பக்கத்தில் நான் எழுதியது ஏழே அடி. அதனால் ஏழோடு நின்றது.

சபரீஷுக்கு அனுப்பிய தாளில் அந்த ஏழு, அறுபத்து நான்கு முறை வருகிறது.

டெலிபோன் நேற்று பெய்த மழையிலிருந்தே செத்துக் கிடக்கிறது. சென்றாயன் என் கையை விடவில்லை. விடுவித்துக்கொண்டு நாலு வரி எழுதினேன்: 'மாஸ்டர், காலையில் வந்த தாளை அடிக்க வேண்டாம். பிள்ளைகள் யாரும் மேளத்தைத் தொட வேண்டாம். தாளைக் கொளுத்திவிடுங்கள். காரணம் நேரில்.' கவரில் போட்டேன். பசை இல்லை. நர்ஸ் கொடுத்த பிளாஸ்திரியால் ஒட்டினேன்.

5:05. பஸ் புறப்படத் தயார். கண்டக்டர் சின்னுசாமி கவரை வாங்கிப் பையில் செருகினார்.

"சபரீஷ் மாஸ்டருக்குங்களா? குடுத்தர்றேன். எம் பொண்ணு சுஜிதா அங்கதானுங்க மேளம் படிக்குது. நாளைக்கு ஒத்திகைன்னாரு, இன்னைக்கு ஆறு மணிக்கே வெச்சுட்டாரு."

"பஸ் எப்பங்க போய்ச் சேரும்?"

"ஏழு ஆயிருமுங்க."

"கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க... தயவு பண்ணி..."

"எழுபது வளைவுங்க! பறக்கவா முடியும்?" சிரித்துக்கொண்டே ஏறி விசில் ஊதினார்.

5:10. கடிதம் போய்விட்டது.