வேப்பிலை கட்டிய வீடுகள்

கஞ்சி ஊற்றுகிற வேலையில் கை நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். பார்த்தால் அரை அகப்பை கூடுதலாக விழும். கடைசி ஆளுக்குப் பானை காலியாகிவிடும். அன்று வேலம்மாள் தூக்குவாளியை நீட்டியபோது என் கை நின்றது. "எத்தனை ஆளுக்கு?" என்று கேட்டேன். "காய்ச்சல்ல கெடக்கது நாலு வயசுப் பய ஒருத்தன். அவனை ஆளாக் கணக்கு வைக்கதும் வைக்காததும் ஒங்க இஷ்டம் டீச்சர்" என்றாள்.

நயா பைசா வந்த வருஷம். ஃப்ளூ காய்ச்சல் கப்பலில் மதராசுக்கு வந்து, ரயிலேறி, குற்றாலத்துச் சீசனுக்கு வந்தவர்களோடு தென்காசியிலும் இறங்கிவிட்டது. எங்கள் தெரு மன்றத்தில் முன்னறையில் பத்திரிகைகளும் ரேடியோவும். பின்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு. அதற்கு நான் டீச்சர். வீட்டுக்கு வீடு எல்லோரும் படுத்துவிட, யார் உலை வைப்பது என்ற கேள்வி வந்தது. மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே அடுப்பு மூட்டினோம். இதுமாதிரி ஏதாவதொரு மன்றத்தில் நல்ல எண்ணத்தோடு போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

செலவில்லாத அடையாளம்

மன்றத்துக் காரியதரிசி செல்லையா அண்ணாச்சி. மொட்டைக் கோபுரத்துக்கு எதிரேயே பலசரக்குக் கடை வைத்திருந்தும் கோயிலுக்குள் கால் வைக்காதவர். சாமி இல்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கற்பூரம் நிறுப்பார். படுத்துக் கிடப்பவர்களின் வீட்டுக்கு நாங்களே கஞ்சி கொண்டுபோக வேண்டியிருந்தது. எந்த வீடு என்று தெரிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. காகிதம் ஒட்டினால் சாரலில் ஊறி விழுந்தது. "வேப்பிலை கட்டுவோம். அது கிருமிநாசினி, காசும் கெடையாது" என்றார் அண்ணாச்சி.

கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் துடுப்பை நிறுத்தினாள். "வேண்டாம் அண்ணாச்சி. வாசல்ல வேப்பிலை இருந்தா அவ வந்திருக்கான்னு அர்த்தம்." அண்ணாச்சி, "எவ?" என்றார். அம்மை போட்ட வீட்டில் அந்த அம்மனின் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். அன்றைக்கே அவரும் நானும் தெருவெல்லாம் கட்டிக்கொண்டு போனோம். வேலம்மாள் வீட்டு வாசலில் அண்ணாச்சி தன் கையாலேயே கட்டினார். நாங்கள் திரும்பி வந்தபோதும் பேச்சியம்மாள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்பிட்டாச்சு. இனி வந்தா ஒக்கார எடம் குடுங்க" என்றாள்.

மைமூன் கொண்டுபோன கஞ்சி

அடுத்த தெரு தறிக்காரர்களின் தெரு. அங்கே பாதி ஆண்கள் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். பெண்கள் எங்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். அவர்களுடைய தூக்குவாளிகள் மட்டும் வந்து நிற்கும். என்னிடம் தையல் படித்த மைமூன் அவற்றை ஒரு கம்பில் கோத்துத் தோளில் வைத்து எடுத்துப்போவாள். இரண்டு கையிலும் வேறு இரண்டு.

அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை என்று எழுத ஆசைதான். தினமும் முணுமுணுத்தாள். அவள் உம்மாவுக்கே காய்ச்சல். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, இது எந்த ஊர்க் கஞ்சி என்று கேட்டாராம். அரிசி குறைவாகத்தான் இருந்தது, எனக்கும் தெரியும். மறுநாள் மைமூன் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "எங்க பள்ளிவாசல் நோம்புக் கஞ்சியில கறித்துண்டு தேடுவோம் டீச்சர். ஒங்க கஞ்சியில சோத்தைத் தேட வேண்டியிருக்கு."

பால்காரர் போட்ட கும்பிடு

வேப்பிலையைப் பார்த்த பால்காரர் தெருவிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பால் ஊற்றாமல் போய்விட்டார். அம்மை வீட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அழுக்குத்துணி எடுக்க வருகிறவரும் வரவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு ஜட்கா வண்டி தெருமுனையிலேயே திரும்பியது. காய்ச்சலோடு கிடந்தவர்களுக்கு இப்போது பாலும் இல்லை, பேச்சுத்துணைக்கு ஆளும் இல்லை.

அண்ணாச்சி உடனே திட்டத்தை மாற்றினார். வேப்பிலையை எடுத்துவிட்டுக் கதவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். நானும் பேச்சியம்மாளும் மறுபடி தெருவெல்லாம் போனோம். வேலம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து "அது இருக்கட்டும், அவுக்காதீங்க" என்றாள். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து கஞ்சி கொண்டுபோகிறவர்கள் சுண்ணாம்பு இருந்த வீடுகளுக்கு மட்டும் போனார்கள். வேலம்மாள் வீடு விட்டுப்போயிற்று. பால்காரர் மன்றத்து வாசலில் சைக்கிளை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "நேத்து வேப்பிலை, இன்னைக்குச் சுண்ணாம்பு. நாளைக்கு எதைக் கும்பிடணும்னு முன்கூட்டிச் சொல்லிருங்கம்மா."

எடுக்காத சீசா

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மிக்சர் தருவார்கள், சீசா தர மாட்டார்கள். ஆகவே வீடுகளிலிருந்து சீசாக்களை வாங்கி, பையில் போட்டுக்கொண்டு போய், கம்பவுண்டரிடம் திட்டு வாங்கி, நிரப்பி வருவதும் என் வேலையாயிற்று. பன்னீர் சீசா, மண்ணெண்ணெய் சீசா, தைலச் சீசா. வேலம்மாள் முதல் நாளே கொடுத்தது தலை எண்ணெய்ச் சீசா. மற்றவற்றை வீட்டுக்காரர்கள் வாங்கிப்போய்விட்டார்கள், அது மட்டும் மன்றத்து ஜன்னலில் நின்றது. மருந்து அடியில் கட்டிப்போயிருந்தது.

"அவ வந்த வீட்டுல மருந்து குடுக்க மாட்டாகல்லா" என்றாள் பேச்சியம்மாள். அப்புறம், ஊர்ச்செய்தி சொல்வதுபோல, நாளைக் காலையில் வேலம்மாள் பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறாள் என்றாள். அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றி அம்மனை வழியனுப்புவது வழக்கம். ஆனால் இது அம்மை இல்லை. சளி நெஞ்சில் கட்டிய காய்ச்சல். வெளியே விடாத சாரல். போன வாரம்தான் எங்கள் தெருக்காரர் ஒருவர், சூடு இறங்கட்டும் என்று குற்றாலத்தில் அருவிக்குள் தலையைக் கொடுத்தார். அவரை வண்டியில் படுக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். "நீ போய்ச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். பேச்சியம்மாள் சொன்னாள்: "நான் கட்டாதீகன்னு சொன்னப்ப யாரு கேட்டா?"

உள்ளே போட்டிருக்கிறது

காலையில் சீசாவை எடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் மஞ்சள் தண்ணீர்ப் பானை தயாராக இருந்தது. பையன் பாயில் சுருண்டு கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. வேலம்மாளின் புருஷன் குற்றாலத்தில் ஜட்கா ஓட்டுகிறவன். வீட்டில் அம்மை என்று தெரிந்தால் ஸ்டாண்டில் சேர்க்க மாட்டார்கள் என்று, வரவேண்டாமென அவளே சொல்லியனுப்பிவிட்டாள். தனியாகத்தான் இருந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "ஒரு முத்துகூட இல்லையே வேலம்மா. இது ஃப்ளூ." அவள், "உள்ள போட்டிருக்கு" என்றாள். "யார் சொன்னது?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்கதான சொன்னீக! சாமியே இல்லைங்கிற மனுசன் வேப்பிலையக் கொண்டாந்து எங்க வாசல்ல கட்டுதாருன்னா, எம்பிள்ளைக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?"

சத்தமாக

வேப்பிலையை அவிழ்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் அம்மனிடம் சொல்லிக்கொண்டு அவிழ்க்க வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றித்தான் அனுப்புவாளாம். நான் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி, "இலையை அவுக்க ஒரு ஆளா?" என்றார். ஆனாலும் வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று, கிருமி என்றால் என்ன என்று ஆரம்பித்தார். வேலம்மாள் பாதி கேட்டுவிட்டு உள்ளே போய்ச் செம்பை எடுத்துப் பானையில் முக்கினாள். பையன் இருமினான். இருமல் முடியவில்லை, பாதியில் நின்று இழுத்தது.

அண்ணாச்சி பேச்சை விட்டார். செருப்பைக் கழற்றினார். தெருவில் ஆள் கூடியிருந்தது. அவர் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களும் அதில் இருந்தார்கள். வேப்பிலைக் கொத்தில் கை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார். வேலம்மாள் செம்பைக் கீழே வைக்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. அவளுக்குக் கேக்கணும்லா" என்றாள்.

சொன்னார். "தாயே, தெரியாம அழைச்சிட்டேன். கோவிச்சுக்கிடாதே. போயிட்டு வா." தெருமுனைவரை கேட்டிருக்கும். கொத்தை அவிழ்த்தார். வேலம்மாள் செம்புத் தண்ணீரைப் பானையிலேயே திரும்ப ஊற்றினாள். பிறகு பையனை மடியில் போட்டு, மூக்கைப் பிடித்தாள். நான் சீசாவைக் குலுக்கி மருந்தை வாயில் ஊற்றினேன். அவன் கசப்பில் கத்திய பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

பையன் பிழைத்துக்கொண்டான். அந்தச் சீசனில் மன்றம் செய்த தொண்டு என்ன என்று யாராவது கேட்டால், தெருவுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினோம், ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றவிடாமல் தடுத்தோம், இதில் எது கஷ்டம் என்று மட்டும் கேட்காதீர்கள் என்பேன்.

அன்று அண்ணாச்சி கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே தெருவில் இறங்கினார். பக்கத்திலேயே சாக்கடை ஓடியது. அதைத் தாண்டி நடந்து, மன்றத்துச் சுவரில் யார் காலும் படாத உயரத்தில் ஒரு பொந்து பார்த்து, அதில் கொத்தைச் செருகிவிட்டுக் கடைக்குப் போனார்.