என் முறை வந்தபோது

அரசுத் தேர்வுக்குப் படிக்க என் கணவர் வேலையை விட்டிருந்த ஒரு வருடம், குன்னூர் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் நின்று நான்தான் குடும்பத்தை நடத்தினேன். அவர் தேறினார். அடுத்தது என் முறை என்று பேசி வைத்திருந்தோம்.

"ஏனுங்க, இந்த வருசம் நான் ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கட்டுங்களா?"

"படி கண்ணு. யாரு வேண்டாங்கறா?" என்று சிரித்தார்.

மறுநாள் ஒரு வருட விடுப்பு கேட்க மேனேஜரிடம் போனேன்.

"உங்க ஊட்டுக்காரர் இப்பத்தான் போன் பண்ணினாருங்க. லீவு வேண்டாம்னு நீங்களே சொல்லச் சொன்னீங்களாமே?" என்றார் அவர்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும், "ஆமாங்க" என்றுதான் சொன்னேன். வெளியாள் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

என்னை விட்டுக்கொடுக்க அவருக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. அதுதான் இன்றும் கசக்கிறது.