கேஸ் பிரிவைக் கை தூக்கிக் கொடுத்த நாள்

சிவகாசிக்குப் பக்கத்தில், பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்தில் வருகிற ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் கேஸ் கவுண்டர் எழுத்தராகப் பல வருடம் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

பண்டகசாலைக்கு கேஸ் ஏஜென்சி வந்த விதம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள், சில வாத்தியார்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள் என்று ஆளுக்கொரு பங்கு போட்டு உறுப்பினர் ஆனார்கள். ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் குடோன் எழுந்தது. தனியார் ஏஜென்சி கிடையாது, முதலாளி கிடையாது. “நம்ம கேஸு” என்றுதான் சொல்வார்கள். ஆலைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்பதால் எங்கள் கவுண்டரை ஞாயிறு திறந்து வைத்து, திங்கள் அடைத்தோம். இதை முடிவு செய்தது உறுப்பினர்களின் மகாசபை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு சிலிண்டருக்கு அலைய வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

அந்த உறுப்பினர்களில் ஒருவர் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். அவருடைய மனைவி சரவெடி பின்னுகிறவர். இரண்டு பேரும் ஆலை வேனில் போய் ஆலை வேனில் வருவார்கள். “சேலையில மருந்துத் தூசி ஒட்டியிருக்கும், வெறகடுப்புல பொறி பறக்கும், அதுக்கு முன்னால எப்படி உக்காருதது? அதான் கேஸு வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்” என்று அந்த அக்கா ஒருமுறை கவுண்டரில் சொல்லியிருக்கிறார். அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு சித்திரை மாதத்தில் அவர் புருஷன் வேலை பார்த்த அறை வெடித்தது. காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அக்கா கேஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, இது அவுக பேர்ல இருக்கு. பங்கும் அவுக பேர்லதான். என்ன செய்யணும்னு சொல்லுங்க, மாத்திக்கிடுதேன்.”

அன்றைக்குக் கூட்டம் அதிகம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, படிவம் என்று விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

“பெறகு பாத்துக்கிடலாம்க்கா. ஒண்ணும் அவசரமில்ல. இதே புத்தகத்துல சிலிண்டர் வாங்கிட்டுப் போங்க.”

அவர் என் வார்த்தையை நம்பினார். மூன்று வருடம் இறந்தவர் பெயரிலேயே சிலிண்டர் போனது. ஒவ்வொரு முறையும் பதிவு செய்தது நான்தான்.

பிறகு பண்டகசாலைக்குப் புதுத் தலைவர் வந்தார். வந்த சில மாதங்களில், கேஸ் பிரிவு நஷ்டம் என்று பேச்சு கிளம்பியது. அது பொய். பண்டகசாலையில் ஒழுங்காக ஓடிய ஒரே பிரிவு அதுதான். தலைவருடைய மைத்துனர் மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட ஒரு கடையைத் தயார் செய்துகொண்டிருந்ததை ஊரே பார்த்தது. பண்டகசாலை ஏஜென்சியைக் கைவிட வேண்டும், இணைப்புகள் எல்லாம் அந்தக் கடைக்கு மாற வேண்டும் என்பது திட்டம். அதற்கு மகாசபைத் தீர்மானம் தேவைப்பட்டது.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏலே, பிரிவ மூடுனா நீ எங்கன போவ? பொண்டாட்டி வேற மாசமா இருக்கா. மைத்துனன் கடையில ஒனக்கு ஒரு சீட்டு இருக்கு. கூட்டத்த மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடு.”

கூட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில் ஆள் வராது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அன்று காலையில் பண்டகசாலைச் செயலாளரும் நானும் அறையைப் பூட்டிக்கொண்டு வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தோம். வெளியூர் போனவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், இறந்தவர்கள். என் இடது கட்டைவிரல், வலது கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள். வரிசையாக வந்தபோது அக்காவின் புருஷன் பெயரும் வந்தது. அதிலும் வைத்தேன். ஒரு கணம் விரல் நின்றது என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். நிற்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். திருத்தங்கல் பக்கத்திலிருந்து இரண்டு வேனில் ஆட்களை இறக்கினார்கள். கேசரி, வடை, காப்பி. தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்து, சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். வடை எண்ணெய் காயாத கைகள் உயர்ந்தன. நான் மைக் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றிருந்தேன்.

அக்கா நடுவரிசையில் எழுந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமையானாலும் அவர் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. அது கழுவினால் போகாது.

“ஒரு கேள்வி கேக்கலாங்களா? நல்லா ஓடுததை எதுக்குக் குடுக்கீக? அந்தக் கடைக்காரவுக ஞாயித்துக்கெழம தெறப்பாகளா? எங்க பங்குல கெட்டுன குடோனு அது. எங்கள ஒரு வார்த்த கேக்காம எப்படிக் குடுக்க முடியும்?”

அங்கங்கே முணுமுணுப்பு எழுந்தது. தூக்கிய கைகளில் சில இறங்கின. ஒரு நர்ஸம்மா, “அவுக கேக்கறது நியாயந்தானே” என்றார். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

“நீங்க உறுப்பினர் இல்லம்மா. உறுப்பினர் ஒங்க வீட்டுக்காரரு. அவரு வந்து கேட்டா பதில் சொல்லுவோம். செத்தவருக்கு ஓட்டு இல்ல.”

அக்கா என்று சொல்லாமல் அம்மா என்று சொன்னேன். அதை அவர் கவனித்தார் என்றே நினைக்கிறேன்.

முதலில் வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு மற்றவர்கள். பின்னால் ஒருவன், “எந்திரிச்சு வரச் சொல்லுங்க, கேசரி இருக்கு” என்றான். மண்டபமே அதிர்ந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. என் பேச்சுக்கு ஒரு கூட்டம் அப்படிச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் கையில் இருந்த பதிவேட்டில் அவருடைய புருஷன் வந்திருப்பதாகவே இருந்தது. தீர்மானத்துக்கு அவரும் கை தூக்கியதாகவே கணக்கானது.

அக்கா உட்காரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் வேலையை விட்டு, விருதுநகருக்குப் போய், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறார். மனு எப்படிப் போகும் என்பது எங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான் தெரியும். கலெக்டர் ஆபீசிலிருந்து கூட்டுறவு ஆபீசுக்கு, அங்கிருந்து, அறிக்கை கேட்டு, பண்டகசாலைக்கு. செயலாளர் அதை என் மேஜையில் போட்டார்.

“ஒனக்குத்தான் வெவரம் தெரியும். நீயே எழுதிரு.”

எழுதினேன். மனுதாரர் உறுப்பினர் அல்லர். கூட்டம் விதிப்படி நடைபெற்றது. இத்துடன் நிறுத்தியிருக்கலாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும், வாக்கியம் தானாக வரும். ‘மனுதாரர் தமது கணவர் இறந்த விவரத்தை மறைத்து, அவர் பெயரிலான இணைப்பை மூன்று ஆண்டுகளாக முறைகேடாகப் பயன்படுத்தி வந்துள்ளார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் என்னை அதை எழுதச் சொல்லவில்லை. மண்டபத்தில் அவர் நடந்து வெளியேறிய விதம் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த உறுத்தலுக்கு அவரைத் தண்டித்தேன்.

அந்த வரியால் இணைப்பு ரத்தானது. அதற்குள் நான் மைத்துனர் கடைக்கு மாறியிருந்தேன். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திரும்ப எடுத்து வரும் வேலையும் என்னிடமே வந்தது. டெலிவரி ஆளைக் கூட்டிக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் போனேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அக்கா அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து குளித்திருந்தார். தலையில் துண்டு. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய மகள், பத்தாவது படிக்கிற பெண், சுவரோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார்.

டெலிவரி ஆள்தான் மெதுவாகச் சொன்னான். “சார், சோறு வெந்துரட்டும் சார். பத்து நிமிசம்.”

“நேரமாச்சு. அடுத்த வீட்டுக்குப் போகணும்.”

அடுத்த வீடு என்று ஒன்றும் இல்லை.

அக்கா அடுப்பை அணைத்தார். பானையைத் துணியால் பிடித்துத் தரையில் இறக்கினார். ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றி, சிலிண்டரின் தலையில் சிந்தியிருந்த கஞ்சியை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு அதைச் சாய்த்து உருட்டி வாசல் வரைக்கும் அவரே கொண்டுவந்தார். டெலிவரி ஆள் கை நீட்டியபோது தர மறுத்துவிட்டார். வாசலில் நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பெறகு பாத்துக்கிடலாம்னு நீங்கதான தம்பி சொன்னீக?”

“நான் அப்படிச் சொல்லலயே” என்றேன்.

அவர் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பும் வழியெல்லாம் டெலிவரி ஆள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு கடையிலும் தேவைக்கு மேல் பேசியதில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். வேலை நாள், பதினோரு மணி. வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தன் முறை வரும்வரை நின்று, கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு காகிதத்தை நீட்டினார். கூட்டுறவு ஆபீசிலிருந்து அவருக்கு வந்த பதில்.

“தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்காகன்னு வாசிச்சுச் சொல்லுங்க.”

“நேரமில்ல. வேற யார்ட்டயாவது குடுத்து...”

“ஒரு பக்கந்தான். சத்தமா வாசிங்க, காது கொஞ்சம் மந்தம். அவுக அறை வெடிச்சதுலேருந்து அப்படித்தான்.”

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “வாசிச்சுச் சொல்லுங்களேன் சார், பாவம்” என்றார். வேறு வழியில்லை. வாசித்தேன். என் அறிக்கையை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மனுதாரர் உறுப்பினர் அல்லர் என்பதை வாசித்தேன். விவரத்தை மறைத்து என்ற இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினேன்.

“கேக்கல.”

சத்தமாக வாசித்தேன். முறைகேடாக என்ற சொல் வரைக்கும் வாசித்தேன். வரிசையில் இருந்தவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எழுதுனது யாரு தம்பி?”

“ஆபீஸ்ல எழுதுறதுதான்.”

“எம்மக வாசிச்சுட்டா. வீட்டுலயே வாசிச்சுட்டா. மூணு வருசமா எங்க புத்தகத்துல நீங்க எழுதுன எழுத்த அவளுக்குத் தெரியாதா? கூட்டுறவு ஆபீசுல, பண்டகசாலையிலேருந்து கையால எழுதி அனுப்புன தாளைக் காட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வந்தா. நீங்கதான்னு தெரியும். ஒங்க வாயால கேக்கணும்னுதான் அரை நாளு வேலைய விட்டு வந்தேன்.”

காகிதத்தைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டார். வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, “நான் மறைக்கலய்யா. எம்புருசன் செத்தது இந்த ஊருக்கே கேட்டுச்சு” என்றார். பிறகு போனார். பெரியவர் தன் புத்தகத்தை ஓட்டை வழியாக நீட்டியபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்கவேயில்லை. பட்டாசுக்குப் போகிறவர்கள் சிலிண்டருக்காகச் சீசன் நேரத்தில்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். என்னைத் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தேன். கம்ப்யூட்டர் வந்த வருடம் மைத்துனர் என்னைப் போகச் சொன்னார். தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. இப்போது காரியாபட்டியில் ஒரு உரக்கடையில் சீட்டு எழுதுகிறேன்.

அக்கா விறகடுப்புக்குத் திரும்பினார் என்றும், ஆலைக்கு உடுத்தும் சேலையை வீட்டுக்கு வெளியே கொடியில் மாட்டிவிட்டுக் குளித்த பிறகே உள்ளே நுழைவார் என்றும் டெலிவரி ஆளின் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். மகள் நர்ஸ் படிப்பு முடித்து, திருத்தங்கலில் தன் பெயரில் இணைப்பு வாங்கி அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். அதற்குள் ஆறேழு வருடம் போய்விட்டது.

அந்த வருடங்களில் எங்கே வெடி விபத்து நடந்தாலும் மறுநாள் பேப்பரில் இறந்தவர்கள் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன். அக்கறை என்று என் மனைவி நினைத்திருப்பாள். அக்காவின் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். இல்லை என்று தெரிந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது நிம்மதி இல்லை; என்ன என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை.