லுட்விகாவுக்குத் தூக்கம் வரவைத்த ஆட்டம்

போலந்திலிருந்து சிகாகோவில் வந்து இறங்கிய மூன்றாம் வாரமே லுட்விகா, பின்பால் என்ற காசு போட்டு ஆடும் பந்தாட்டப் பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். ஆட்டப் பலகையைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. இருபத்தாறு வருஷம். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போனதும், மகளுக்குக் கல்யாணமானதும் அந்தப் புகைக்கு நடுவில்தான்.

மதிய இடைவேளையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே எல்லோரும் ஆடுவார்கள், காசு போட வேண்டாம். இரண்டு மட்டைகளால் இரும்புப் பந்தைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். லுட்விகா நின்றால் மற்றவர்களுக்கு முறையே வராது.

"எங்களுக்கும் கொஞ்சம் விடேன், மகராசி!" என்பாள் பக்கத்து மேஜை ஹெர்மினியா.

"பந்து விழட்டும், விடறேன்."

விழுந்தால்தானே!

வீடியோ கேம் வந்ததும் மதுக்கடைகள், வாடிக்கையாளர்கள் ஆட வைத்திருந்த பின்பால் பெட்டிகளை மூலைக்குத் தள்ளின. அடுத்த ஆட்டம் விற்காவிட்டால் தொழிற்சாலையை மூடிவிடுவோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். வடிவமைப்பாளன் லென், வழக்கம்போல முதல் பெட்டியை லுட்விகாவிடம் கொண்டுவந்தான். ஒரே பந்தில் இருபது நிமிஷம் ஆடினாள்.

"எப்படி இருக்கு?"

"தூக்கம் வருது லென். பச்சைக் குழந்தைகூட ஆடும்."

அவன் முகம் தொங்கிப்போனது. மட்டைகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டினான், பலகையின் சரிவை ஏற்றினான், மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை அவளுக்கே வியர்த்தது.

"இப்பத்தான் இது ஆட்டம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியதெல்லாம் வருஷக்கணக்காகத் தினமும் ஆடிய கைகள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஒரே இடத்தில் கூடினால் வேறென்ன ஆகும்?

அடுத்த மாதம் வீட்டருகே இருந்த மதுக்கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். லாரி ஓட்டுநர் ஒருவன் காசு போட்டான். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று பந்தும் நடுவழியாகப் போய்விட்டன.

"எந்தப் பாவி செஞ்சான் இதை?" என்று பெட்டியை ஓர் உதை விட்டுவிட்டு வீடியோ கேம் பக்கம் போனான்.

அந்த ஆட்டம் விற்கவில்லை; அக்டோபரில் தொழிற்சாலையை மூடினார்கள். கடைசி நாள் மதியம் லென் அதே ஆட்டத்தின் பெட்டி ஒன்றை முடுக்கிவிட்டு, "நீங்கதான் ஆடணும்" என்றான். கூட்டம் கூடியது.

லுட்விகா பந்தை ஏவினாள். மட்டையை அமுக்கவே இல்லை. பந்து நேராக நடுவில் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும்.

"என்னடி, கை மரத்துப்போச்சா?" என்றாள் ஹெர்மினியா.

"வெளியில இருக்கறவங்களுக்கு இதுதான் ஆட்டம்" என்றாள் லுட்விகா. "நான்தானே தூக்கம் வருதுன்னு சொன்னேன்."

லென் குனிந்து பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினான்.