இடாப்பில் ஏறிய மாடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்து வேலை என்றால் நான் தட்டிக்கழிக்கிற ஆள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் போன புதன்கிழமை என் சைக்கிள் கடைக்கு வாக்காளர் பெயர் எழுத ஒரு உத்தியோகத்தர் வந்தார். சட்டைப்பையிலிருந்து மைப்பென்சிலை எடுத்தார், நுனியை நாக்கில் ஒற்றினார், எழுதினார். மறுபடி ஒற்றினார். நாலாம் பெயருக்கு அவருடைய நாக்கு நாவற்பழம் தின்ற நாக்காகிவிட்டது. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பின் காரணம் அவருக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியட்டும்.

அதே மாதிரி நாக்கு எங்கள் கோப்பாய் வீட்டு முற்றத்துக்கும் ஒரு நாள் வந்தது. அது புதிதாய் வந்த விதானையாருடைய, ஊர்த் தலைமைக்காரருடைய, நாக்கு. அரசாங்க சபைத் தேர்தலுக்காக வீடு வீடாகப் போய் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்துகொண்டிருந்தார். முந்தின தடவை பகிஷ்காரம் என்று எங்கள் பக்கம் வாக்குப்பெட்டியே வரவில்லை. அதனால் பெண்களுக்கும் வோட்டு உண்டென்பது எங்கள் ஒழுங்கைக்குப் புதினம். தோட்டத்துக்குப் போயிருந்த எங்கள் ஐயாவையும் என்னையும் எழுதிவிட்டு விதானையார் எழும்பினார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னையும் எழுதுங்கோ."

"உமக்கேன் பிள்ளை உந்த வில்லங்கம்?"

"என்ரை கலியாணத்துக்கும் என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, அவர் கப்பலேறினதுக்கும் கேக்கேல்லை. இதுக்கெண்டாலும் கேக்கட்டுமன்."

அத்தான் பண்டத்தரிப்பு ஆள். கலியாணம் முடிந்த மூன்றாம் மாதமே மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். விதானையார் பென்சிலை நாக்கில் ஒற்றிக்கொண்டு, "புருஷன்ரை பேர்?" என்றார். அக்கா கதவை விட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள்.

புருஷன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் பயம். அத்தானுக்கு அருச்சனை என்றாலும் நான்தான் கோயிலுக்குப் போய் ஐயரிடம் பேரும் நட்சத்திரமும் சொல்லவேண்டும். அதற்குக் கூலி இரண்டு பனங்காய்ப் பணியாரம். அன்றைக்குக் கூலி ஏதும் பேசவில்லை. அதனால்தானோ என்னவோ, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இராசையா" என்றேன்.

இராசையா எங்கள் வண்டில் மாடு. நல்ல குணமான மாடுதான். ஊருக்குப் புதியவரான விதானையார் கவனமாக எழுதிக்கொண்டு போனார். கிணற்றடியில் நின்ற அக்காவுக்கு அது கேட்கவில்லை. பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

தேர்தல் மஞ்சளுக்கும் பச்சைக்கும். அந்தக் காலத்தில் வேட்பாளருக்கொரு நிறம், நிறத்துக்கொரு பெட்டி. திரைக்குப் பின்னால் போய், விரும்பிய நிறப் பெட்டிக்குள் கடதாசியைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். நான் மஞ்சள். அப்போது நான் வேலை செய்த கடைக்கு வந்த சைக்கிள்களுக்கெல்லாம் கேளாமலே மஞ்சள் பூசி முதலாளியிடம் குட்டு வாங்கிய மஞ்சள். என் கூட்டாளி செல்லத்துரை பச்சை. வாக்குச்சாவடிக்குள் பச்சைக்காரரின் ஏசண்டாக, கழுத்தில் சால்வையோடு இருந்தான்.

மஞ்சள்காரர் அனுப்பிய காரில் ஏற அக்கா மறுத்துவிட்டாள். "ஏறினா அவருக்கெல்லோ போடவேணும்" என்று வெயிலில் நடந்தே வந்தாள். வழி முழுக்க "மஞ்சள், அக்கா, மஞ்சள்" என்று நான் ஓதிக்கொண்டு வந்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். மேசையில் பட்டணத்திலிருந்து வந்த கண்ணாடிக்கார அதிகாரி. இடாப்பில் அக்காவின் பெயரைத் தேடிப் பிடித்துவிட்டு, "புருஷன்ரை பேர் என்னம்மா?" என்றார்.

அக்கா நிலத்தைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அந்தக் கணத்தில்தான் மாடு ஞாபகம் வந்தது.

"பேர் தெரியாட்டி ஆள்மாறாட்டம், ஐயா" என்றான் செல்லத்துரை. அக்காவின் கலியாணத்தில் மூன்றுதரம் பாயாசம் வாங்கிக் குடித்தவன்!

"சொல்லாட்டிக் கடதாசி தரேலாதம்மா."

அக்கா கண்ணை மூடினாள். நல்லூர்க் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அத்தானின் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

அதிகாரி இடாப்பைப் பார்த்தார். "இஞ்சை இராசையா எண்டெல்லோ கிடக்கு?"

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிள்ளையாரே! நான் குனிந்து, "அக்கா, இராசையா எண்டு சொல்லிப்போட்டு அலுவலை முடி" என்றேன்.

"என்னடா கதைக்கிறாய்? மாட்டை என்ரை புருஷன் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

வரிசை கொல்லென்று சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. சொல்லக்கூடாத பெயரைச் சொல்லியும் வோட்டில்லை. ஆனாலும் அவள் மேசையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

"என்ன மாடு?" என்றார் அதிகாரி.

"எங்கடை மாடு, ஐயா. விதானையாருக்கு நான்தான் பகிடிக்குச் சொன்னனான்."

வெளி விறாந்தையிலிருந்த விதானையாரைக் கூப்பிட்டார்கள். "ஓம் ஐயா, அந்த வீட்டுப் பிள்ளை இவதான்" என்று அவர் சாட்சி சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இராசையாவே படுத்திருக்கும். அக்காவிடம் கடதாசியைக் கொடுத்த அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீர் உந்த வேப்பமரத்துக்குக் கீழை போய் நில்லும். பொலிசுக்குக் குடுக்கிறதோ எண்டு பின்னேரம் யோசிப்பம்."

நின்றேன். பெட்டி பூட்டும்வரை நின்றேன். பின்னேரம் அவர் என்னைப் பார்த்தும் பாராமல் காரில் ஏறிப் போனார். ஒரு மாதமாக ஊரெல்லாம் பெருமையடித்த என் முதல் வோட்டு அந்த மரத்தடியிலேயே முடிந்தது.

அக்கா திரைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றுவிட்டுத் தலை நிமிர்ந்து வந்தாள். "மஞ்சளோ பச்சையோ?" என்று மரத்தடியிலிருந்து கேட்டேன்.

"உனக்கேன்? போய் இராசையாவைக் கேள்."

இன்றுவரை சொல்லவில்லை.

பகிடி அதோடு முடிந்திருந்தால் நன்று. பிறகு உலகச் சண்டை வந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்தான், அத்தானின் கடிதங்கள் நின்றன. வருஷக்கணக்காக ஒரு வரி இல்லை. அக்கா தான் பெயர் சொன்ன அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லி ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் யாரும் அனுப்பாமலே கோயிலுக்குப் போனேன், பேரும் நட்சத்திரமும் சொன்னேன். பணியாரம் கேட்கவில்லை. சண்டை முடிந்து அத்தான் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். ஆயுளுக்கு ஒன்றுமில்லை, தலைமயிர்தான் குறைந்திருந்தது.

இப்போது நிறப்பெட்டிகள் இல்லை. எல்லாருக்கும் ஒரே பெட்டியாம், கடதாசியில் படமாம். இராசையாவும் இல்லை, அந்த விதானையாரும் இல்லை. புதன்கிழமை வந்தவர் கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். அவருக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது, இரண்டுதரம் கேட்டார்.

இதை முதலில் செல்லத்துரைக்குத்தான் அனுப்பினேன். இப்போது கொழும்பில் பெரிய கிளாக்கர், இன்னும் ஏசண்டுப் புத்தி போகவில்லை. தபாலட்டையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்:

"எல்லாம் சரியடா, அத்தான்ரை பேரை நீயும் ஏன் எழுதேல்லை?"