முதுகு காட்டாத பெஞ்சுகள்

என் வீட்டுக்காரர் தச்சர். உளி பிடித்தால் சூரர். வாயைத் திறந்தால் பச்சைக் குழந்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஞானஸ்நானம் வாங்கிய அன்றைக்கே என் மாமனார் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். பக்கத்து வீடுதான். சுத்தியல் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்து எனக்கு அலுத்துப்போனது.

எங்கள் மலையில் மொத்தமே நாற்பது வீடு. பாஷையும் வேறு, பழக்கமும் வேறு. கீழேயிருந்து வந்த பாதிரியார் கோயில் கட்டினார்; பெஞ்சு வேலை இவருக்கு. "அப்பா ஒரு தடவை வந்து உட்கார்ந்தாப் போதும்டி" என்று சொல்லிச் சொல்லி இழைத்தார். டவுன் கோயில் படத்தைப் பார்த்து, அச்சு அசலாக வரிசை வரிசையாகத் தரையில் இறுக்கியும் விட்டார்.

திறப்பு நாளில் மாமனார் வந்தார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தேன். வாசலில் நின்றார். உள்ளே அத்தனை பேரும் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஜனத்தில் பெரியவருக்கு முதுகு காட்டினால் 'வெளியே போ' என்று அர்த்தம். மனுஷன் வந்த வழியே திரும்பிவிட்டார்.

இவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறந்து வளர்ந்த ஊர் வழக்கமா மறந்துபோகும்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் பெஞ்சுகளைக் கழற்றி, வாசல் பக்கம் மட்டும் இடம் விட்டு வட்டமாகப் போட்டார். பாதிரியார் பதறி ஓடிவந்தார். "பீடம் முன்னாடி இருக்கணும்ப்பா!"

"நடுவுல இருக்கட்டும் ஃபாதர்."

"நான் எங்க நின்னாலும் யாருக்காவது முதுகுதானே?"

"நிக்காதீங்க. எங்களோட வட்டத்துல உட்காருங்க. நல்லது கெட்டது எல்லாம் நாங்க அப்படித்தான் பேசுவோம்."

பாதிரியார் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

"எட்டியாவது பாருங்க மாமா, பிடிக்கலேன்னா என்னைத் திட்டுங்க" என்று மாமனாரை இழுத்து வந்திருந்தேன். அவர் வாசலில் நின்றதும் எல்லா முகமும் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மகனுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். கை கூப்பவில்லை, பாடவில்லை.

எல்லாம் முடிந்ததும் பெஞ்சை ஒருதரம் அசைத்துப் பார்த்தார். பிறகு மகனை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இது ஆடுதுடா. அடுத்த வாரம் நான் வர்றதுக்குள்ள சரி பண்ணி வை."

"சரிப்பா" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லி முடிக்காமலே அழுதுவிட்டார்.